மீள்மை எங்கே இருக்க வேண்டும்? கயிற்றுக் கட்டிலும் வளைபட்டைச் சட்டகமும்

2017ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் வெளியான ஒரு விளம்பரம் இந்தியச் சமூக ஊடகங்களில் பல நாட்கள் சுற்றிவந்தது. வட இந்தியச் சிற்றூர் முற்றங்களில் கிடக்கும் கயிற்றுக் கட்டில் ஒன்றின் படம். அதன் விலை 990 ஆஸ்திரேலிய டாலர். அதைக் கண்டவர்களுள் ஒரு சாரார் நகைத்தனர். மற்றொரு சாரார், நம் முன்னோர் என்றோ அறிந்ததை மேலைநாட்டார் இன்றுதான் கண்டுகொண்டனர் என்று பெருமிதம் கொண்டனர். அதே ஆண்டுகளில் நம் பெருநகரக் கடைகளில் வேறொரு பொருள் ஐரோப்பியப் புதுமையாக விற்பனைக்கு வந்திருந்தது: மெத்தைக்கு அடியில் வைப்பதற்கான, வளைந்த மரப்பட்டைகளால் ஆன சட்டகம். இவ்விரு பொருள்களையும் ஒன்றோடொன்று வைத்து நோக்கியவர் அரிது.

இவ்விரண்டும் ஒரே வினாவுக்குக் கிடைத்த இரு விடைகள் என்பதே இப்பதிவின் கருத்து. படுத்திருக்கும் உடல் சமதளமானதன்று. தோளும் இடுப்பும் புடைத்திருக்கும், இடை உள்வாங்கியிருக்கும். எனவே படுக்கையில் எங்கேனும் ஓரிடத்தில் நெகிழ்வும், எடை நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும் மீள்மையும் இருந்தாக வேண்டும். அதை மெத்தைக்குள் வைப்பதா, மெத்தையைத் தாங்கும் தளத்தில் வைப்பதா என்பதே வினா. இவ்வினாவைப் பின்தொடர்ந்தால் முன்னோர் பெருமை, மேலைப் புதுமை ஆகிய இரண்டு கதைகளும் போதாதவை என்பது புலப்படும்.

1. பழைய சான்றுகள் எதைப் பேசுகின்றன?

பௌத்த விநயபிடகத்தின் சுல்லவக்கப் பகுதியில் துறவியரின் உறைவிடம், இருக்கை, கட்டில் ஆகியவை குறித்த விதிகள் தொகுக்கப்பட்டுள்ளன. கட்டில் வகைகள் கால்களின் அமைப்பை ஒட்டி அங்கு வேறுபடுத்தப்படுகின்றன. அவ்விதிகளுள் தொழில்நுட்ப வரலாற்று மாணவர் தவறவிடக் கூடாத ஒன்று உண்டு. சங்கத்துக்குக் கயிறு கிடைக்கிறது. கட்டிலைக் கயிற்றால் பின்னிக்கொள்ள இசைவு தரப்படுகிறது. ஆனால் சட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பின்னுவதால் கயிறு மிகுதியாகச் செலவாகிறது. ஆகவே சட்டத்தில் துளையிட்டு, சூதாட்டப் பலகையின் கட்டங்களைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னலாம் என்று அடுத்த இசைவு வருகிறது. ஒரு பொருளின் வடிவம் மூலப்பொருள் சிக்கனத்தால் மாறியதை ஒரு சமயநூல் இவ்வளவு தெளிவாகப் பதிவு செய்திருப்பது வியப்புக்குரியது. பாசித்திய விதிகளுள் ஒன்று பஞ்சு அடைத்த கட்டிலைத் தடை செய்கிறது. அடைத்த பஞ்சைப் பிடுங்கி எறிய வேண்டும் என்கிறது. அத்தடைக்குப்பின் பஞ்சு அடைத்த கட்டிலின் மென்மைக்கு இடமில்லை. துறவியின் உடலுக்குக் கிடைத்த மீள்மையில் அடித்தளத்துக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத்சம்ஹிதையில் கட்டிலுக்கும் இருக்கைக்கும் ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். எந்த மரம் நன்று, எந்த மரம் தீது, மரத்தின் துளைகளும் முடிச்சுகளும் எதைக் குறிக்கின்றன என்பவை அதன் பொருள். அளவுகளும் தரப்படுகின்றன: அரசன் கட்டிலின் நீளம் 100 அங்குலம், இளவரசனுக்கு 90, அமைச்சனுக்கு 84, படைத்தலைவனுக்கு 78, புரோகிதனுக்கு 72. இங்கே அங்குலம் என்பது உமி நீக்கிய எட்டு வாற்கோதுமை மணிகளை அடுக்கிய அளவு. அதை ஏறக்குறைய 1.9 செ.மீ. எனக் கொண்டால் அரசன் கட்டில் 190 செ.மீ.; புரோகிதன் கட்டில் 137 செ.மீ. வளர்ந்த ஆண் ஒருவர் காலை நீட்டிப் படுக்க இயலாத நீளம் அது. இந்த அளவுகளை வகுத்தது பதவியே. உடலின் நீளம் கணக்கில் வரவில்லை. சட்டமும் காலும் பற்றி இவ்வளவு பேசும் நூலாசிரியருக்குப் பின்னலின் நுட்பம் அக்கறைக்குரியதாக இல்லை. சாத்திரம் எதை எழுதியது, எதை எழுதாமல் பின்னுபவரின் கையில் விட்டது என்பதை இங்கே காணலாம்.

பின்னலின் பயனைச் சொற்களில் வடித்தவர் ஓர் அயல்நாட்டார். பதினான்காம் நூற்றாண்டில் முகம்மது பின் துக்ளக்கின் தில்லியில் பல ஆண்டுகள் வாழ்ந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, இந்தியக் கட்டில்கள் இலேசானவை, ஓர் ஆள் தலையில் சுமந்து செல்லக்கூடியவை, பயணி ஒவ்வொருவரும் தம் கட்டிலை உடன்கொண்டு செல்வர் என்று குறிக்கிறார். கூம்பு வடிவக் கால்கள் நான்கு, குறுக்குச் சட்டங்கள் நான்கு, இடையே பட்டாலோ பருத்தியாலோ ஆன பின்னல் என அதன் அமைப்பை விவரிக்கிறார். பிறகு அவர் சொல்வதே நமக்கு முதன்மையானது: இக்கட்டிலுக்கு நெகிழ்வூட்ட வேறெதுவும் தேவையில்லை, அது தானே நெகிழ்வுடையது. மீள்மை தளத்தில் இருக்கிறது, மெத்தையில் இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மெத்தை விரிப்பு அங்கும் இருந்தது. அதன் வேலை வேறாக இருந்தது.

2. பெயர்களின் சான்று

கட்டில் என்னும் சொல் கட்டு என்னும் வினையோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. வடமொழியின் ‘கட்வா’ திராவிட மொழிகளிலிருந்து பெற்ற கடன் என்பது மொழியியலறிஞர் டி. பர்ரோவின் கருத்து. அதன் வழிவந்த இந்திச் சொல் ‘காட்’, கம்பெனிக் காலத்தில் ஆங்கிலத்துக்குள் ‘காட்’ என்றே புகுந்து, கப்பல் படுக்கைக்கும் குழந்தைப் படுக்கைக்கும் பெயராயிற்று. போர்த்துகீசியர் தென்னிந்தியக் கரையில் கேட்ட ‘கட்டில்’ அவர்கள் நாவில் ‘கத்ரே’ ஆகி, ஸ்பானிய மொழிக்கும் சென்றது. ‘சார்பாயி’ என்பதோ நான்கு காலுடையது என்னும் பொருள் தரும் பாரசீக வழிச் சொல்.

இப்பெயர்களுக்குள் இரு பார்வைகள் அடங்கியுள்ளன. ஒன்று கட்டிலைக் கால்களால் அடையாளம் காண்கிறது; மற்றொன்று கட்டப்பட்ட தளத்தால். ஐரோப்பியர் கடன் வாங்கியது ஆடம்பரப் படுக்கைக்கான சொல்லை அன்று. இலேசான, எடுத்துச் செல்லத்தக்க, கட்டிய தளமுடைய படுக்கைக்கு உரிய சொல்லையே அவர்கள் எடுத்துக்கொண்டனர். பொருளின் பயணத்தைச் சொல்லின் பயணம் எப்போதும் மெய்ப்பிக்காது. எனினும் எந்தத் தன்மைக்காக அப்பொருள் கவனிக்கப்பட்டது என்பதை அது காட்டும்.

3. இழுவிசையால் நிற்கும் பொருள்

வட இந்தியச் சார்பாயியின் அமைப்பு எளியது போலத் தோன்றுவது. ‘பாயா’ எனப்படும் கால்கள் நான்கு. ‘பாட்டி’ எனப்படும் பக்கச் சட்டங்கள். மூஞ்சிப் புல்லால் திரித்த ‘பான்’ கயிறோ, ‘நிவார்’ எனப்படும் பருத்தி நாடாவோ பின்னலுக்கு. காலில் வெட்டிய துளைக்குள் சட்டத்தின் முனை செருகப்படும். பெரும்பாலான பழைய கட்டில்களில் ஆணியுமில்லை, பசையுமில்லை. பின்னலின் இழுவிசை சட்டங்களை உள்நோக்கி இழுப்பதால் மூட்டுகள் தாமே இறுகுகின்றன. கயிற்றை அறுத்தால் கட்டில் தனித்தனித் துண்டுகளாகக் கழன்றுவிடும். படுப்பவரைத் தாங்கும் அதே விசை கட்டிலையும் பிணைத்து நிறுத்துகிறது.

இதைவிட நுட்பமானது கால்மாட்டில் உள்ளது. பின்னல் தலைமாட்டிலிருந்து தொடங்கிக் கால்மாட்டுச் சட்டம் வரை செல்வதில்லை. சற்று முன்னரே ஒரு குறுக்குக் கயிற்றில் முடிந்துவிடும். எஞ்சிய இடைவெளியில் அக்குறுக்குக் கயிற்றுக்கும் கால்மாட்டுச் சட்டத்துக்கும் இடையே தனியான ஒரு கயிறு மாறி மாறிக் கோத்து இழுக்கப்படும். இந்தியில் இதற்கு ‘அத்வான்’ என்று பெயர், பஞ்சாபியில் ‘தௌண்’. பின்னல் தளர்ந்தால் முழுக் கட்டிலையும் அவிழ்க்க வேண்டியதில்லை. இந்த ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும். தளம் முழுவதும் மீண்டும் இறுகிவிடும்.

இதன் தேவையை இயற்பியல் வழியாகவும் காணலாம். இரு முனையிலும் இழுத்துக் கட்டிய கயிற்றின் நடுவே ஒரு சுமையைத் தொங்கவிட்டால், அதன் தொய்வு சுமைக்கும் நீளத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். இழுவிசைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இழுவிசை பாதியானால் தொய்வு இரட்டிக்கும். நார்க் கயிறு எதுவாயினும் நாள்பட நீளும். ஈரத்திலும் வெயிலிலும் அதன் நீளம் மாறும். ஆகவே கயிற்றுக் கட்டிலின் மென்மையும் உறுதியும் ஒருமுறை செய்து முடித்த குணங்கள் அல்ல. அவை அவ்வப்போது திருத்தியமைக்கப்பட வேண்டியவை. அத்திருத்தத்தை எளிதாக்கியதே ‘அத்வான்’ என்னும் கண்டுபிடிப்பு. அதைக் கண்டவர் யார், எப்போது என்பதற்கு ஏடில்லை. அதனாலேயே அது வடிவமைப்பு வரலாற்று நூல்களில் கண்டுபிடிப்பாக எண்ணப்படுவதில்லை.

இத்தொழில்நுட்பத்தைப் புகழும்போது மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. இழுவிசைக் கயிறு கால்மாட்டில் இருப்பதால் அப்பகுதி அமர்வதற்கு வசதி குறைந்தது. தலைமாடு பின்னல் நெருக்கமுள்ளது. வட இந்திய ஊர்களில் மூத்தோருக்கும் விருந்தினருக்கும் தலைமாட்டை விட்டுக்கொடுத்து, இளையோர் கால்மாட்டில் அமர்வது மரபு. பொருளின் அமைப்பும் மரியாதையின் அமைப்பும் இங்கே ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆதிக்க சாதியினர் முன்னிலையில் கட்டிலில் அமரவே தடுக்கப்பட்டனர். தங்கள் வீட்டு வாசலில் தாங்கள் கிடந்த கட்டிலிலிருந்தும் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. பான் திரித்தவர்களுள்ளும் கட்டில் பின்னியவர்களுள்ளும் பலர் அத்தகைய சாதியினரே. ஆகவே சார்பாயியை ‘எல்லோருக்கும் பொதுவான மரபு’ என்று எழுதுவது வரலாறாகாது.

4. ஐரோப்பாவில் மீள்மை இடம் மாறிய கதை

ஐரோப்பாவுக்குக் கயிற்றுத் தளம் அந்நியமானதன்று. மரச்சட்டத்தில் துளையிட்டுக் கயிறு கோத்த கட்டில்கள் அங்கும் பல நூற்றாண்டுகள் வழக்கில் இருந்தன. தளர்ந்த கயிற்றை முறுக்கி இறுக்க மரத்தாலான ஒரு திருகுக் கருவியும் இருந்தது. ஆனால் வசதி படைத்தோர் வீடுகளில் கயிற்றின் மேல் வைக்கோல் மெத்தை, அதன் மேல் கம்பளி மெத்தை, அதன் மேல் இறகு மெத்தை என்று அடுக்கிக்கொண்டே சென்றனர். குளிர் நாட்டில் வெப்பத்தைத் தேக்குவதும் படுக்கையின் பணி. வெப்ப நாட்டில் காற்றை அடியிலிருந்து வரவிடுவது பணி. மீள்மை எங்கே தங்கியது என்பதில் காலநிலைக்கும் பங்குண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுகாதார இயக்கம் இந்த அடுக்குகளை எதிரியாகக் கண்டது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-60இல் வெளியிட்ட செவிலியம் பற்றிய குறிப்புகளில் மரக்கட்டிலையும் அடுக்கு மெத்தைகளையும் சாடினார். உடலிலிருந்து வெளியேறும் ஈரமும் நச்சும் அவற்றில் தேங்கும் என்பது அவர் வாதம். அவர் பரிந்துரைத்தது இரும்புக் கட்டில், மெத்தை வரை காற்று ஊடுருவும் வில்லமைப்பு, அதன் மேல் மெல்லிய மயிர் மெத்தை. நோய்க்காற்றுக் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் காற்றோட்டமும் மீள்மையும் உள்ள தளம், மெல்லிய மெத்தை என்ற அவருடைய வடிவமைப்பு விதி அக்கொள்கையின் வீழ்ச்சிக்குப் பின்னும் செல்லத்தக்கதாக நின்றது. தவறான காரணத்துக்காகச் சரியான வடிவம் தேர்வாவது தொழில்நுட்ப வரலாற்றில் அரிதன்று.

அதன்பின் எஃகுச் சுருள்வில் மலிந்தது. முதலில் தளத்தில் இருந்த வில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் மெத்தையின் உள்ளே குடியேறியது; துணிப்பைக்குள் தனித்தனியே வைத்த வில்களும் வந்தன. மீள்மை தளத்திலிருந்து மெத்தைக்கு மாறிய முதல் பெருந்திருப்பம் இது. 1929இல் டன்லப் நிறுவன ஆய்வாளர்கள் ரப்பர் பாலை நுரைக்கவைத்துப் பஞ்சு போலாக்கும் முறையைக் கண்டனர். நுரை மெத்தை வில் மெத்தையை விட மெல்லியது, வளையக்கூடியது. ஆனால் காற்றுப் புகாத பலகையில் வைத்தால் அடியில் ஈரம் தேங்கும். தொய்ந்த வலையில் வைத்தால் அதனோடு சேர்ந்து தொய்யும். இந்த மெத்தைக்கு ஏற்ற தளம் எது என்ற வினா எழுந்தது.

விடை 1957இல் வட ஜெர்மனியின் பிரெமர்வோர்டே என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. கார்ல் தோமாஸ் தொடங்கிய தச்சுத் தொழிலகம், சுவிட்சர்லாந்துக்காரரான ஹூகோ டெகனுடன் இணைந்து ‘லாட்டோஃபிளெக்ஸ்’ என்ற பெயரில் வளைபட்டைச் சட்டகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பட்டையைக் குறிக்கும் ‘லாட்டே’ என்ற ஜெர்மன் சொல்லே பெயரின் முதற்பாதி. மெத்தைக்குள் சென்றுவிட்ட மீள்மையின் ஒரு பகுதி மீண்டும் தளத்துக்குத் திரும்பியது.

5. மரப்பட்டை எப்படி வில்லாகிறது?

சாதாரண ரீப்பர் கட்டைகளை வரிசையாக அடித்தாலும் பட்டைத் தளம்தான். அது வளைபட்டைத் தளம் ஆகாது. வேறுபாடு மூன்று இடங்களில் உள்ளது.

முதலாவது, பட்டையின் உடல். மெல்லிய மர ஏடுகள் பலவற்றைப் பசையிட்டு, வளைந்த அச்சில் அழுத்தி உலர்த்துவதால் பட்டை மேல்நோக்கிய ஒரு சிறு வளைவை நிலையாகப் பெறுகிறது. சுமை ஏறும்போது அந்த வளைவு தட்டையாகிறது, இறங்கியதும் மீள்கிறது. ஒற்றை மரத்துண்டில் ஒரு முடிச்சு இருந்தால் அங்கே ஒடியும். ஏடுகளாலான பட்டையில் ஒரு ஏட்டின் குறையை மற்ற ஏடுகள் தாங்கும். பீச், பிர்ச் மரங்கள் இதற்கு ஏற்றவை.

இரண்டாவது, தடிப்பு. இரு முனையிலும் தாங்கிய பட்டையின் தொய்வு அதன் நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், தடிப்பின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் மாறும். ஓர் எடுத்துக்காட்டு: தாங்குதூரம் 85 செ.மீ., அகலம் 53 மி.மீ., தடிப்பு 8 மி.மீ. உள்ள பட்டையின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 6 கிலோ எடை அழுத்தினால், அது 2 முதல் 3 செ.மீ. வரை இறங்கும். 70 கிலோ எடையுள்ளவரின் இடுப்புப் பகுதியைத் தாங்கும் நான்கைந்து பட்டைகளில் ஒவ்வொன்றுக்கும் வரும் சுமை அந்த அளவினதே. தடிப்பை 10 மி.மீ. ஆக்கினால் தொய்வு ஏறத்தாழ பாதியாகும். 20 மி.மீ. ஆக்கினால் பதினைந்தில் ஒரு பங்குக்குக் குறையும். அதாவது அது இடைவெளி விட்ட பலகையே. நம் சந்தையில் பட்டைத் தளம் என விற்கப்படுவனவற்றுள் பல இந்த இறுதி வகையைச் சேர்ந்தவை. காற்றோட்டம் தரும், மீள்மை தரா. இரட்டைக் கட்டிலில் 150 செ.மீ. பட்டையை நடுத்தாங்கியின்றி வைத்தால், அதே சுமைக்கு 75 செ.மீ. பட்டையைப் போல எட்டு மடங்கு தொய்யும். நடுவே ஒரு சட்டம் ஓடுவதன் காரணம் இதுவே.

மூன்றாவது, முனை. பட்டையைச் சட்டத்தில் ஆணியால் அறைந்தால் அது சுழல முடியாது, விறைத்துவிடும். ஆகவே முனைகள் ரப்பர் அல்லது நெகிழி உறைக்குள் செருகப்படுகின்றன; சற்றே சுழலவும் நகரவும் அவை இடந்தருகின்றன. தோளுக்கு அடியில் மென்பட்டைகள். இடுப்புக்கு அடியில் இரட்டைப் பட்டைகள், அவற்றை இணைக்கும் நகர்த்துபிடிகள். பிடியை வெளிப்புறம் நகர்த்தினால் விறைப்பு கூடும். உட்புறம் நகர்த்தினால் குறையும்.

கயிற்றின் இரகசியம் இழுவிசை. மரப்பட்டையின் இரகசியம் தடிப்பு. இழுவிசை தளரும், தடிப்பு தளராது. அதனால் பட்டைத் தளத்தை மாதந்தோறும் இறுக்க வேண்டியதில்லை. பட்டை சட்டத்தை உள்நோக்கி இழுப்பதுமில்லை. கீழ்நோக்கி மட்டும் அழுத்துகிறது. அதனால் சட்டம் இலேசாக இருக்கலாம். ஆனால் மூட்டுகளுக்குத் தனியே திருகாணி வேண்டும்.

6. இரண்டும் ஒன்றா?

இங்கேதான் பெருமிதக் கதை தடுமாறுகிறது. கயிற்றுப் பின்னலில் ஒவ்வொரு இழையும் பிறவற்றோடு பிணைந்துள்ளது. இடுப்பு அழுந்தினால் அவ்வழுத்தம் நான்கு பக்கமும் பரவி, தோளின் கீழ் உள்ள தளத்தையும் இழுத்துச் சரிக்கும். தளர்ந்த கட்டிலில் உடல் தொட்டிலில் கிடப்பதுபோல் வளைவது இதனால்தான். பட்டைத் தளத்தில் ஒவ்வொரு பட்டையும் தனித்து இயங்குகிறது. இடுப்புப் பட்டை இறங்குவது தோள் பட்டையைப் பாதிப்பதில்லை. பின்னல் பகிர்கிறது, பட்டை பிரிக்கிறது. பின்னலுக்கு மெத்தை வேண்டியதில்லை. பட்டைக்கு மெத்தை இன்றியமையாதது. ஆகவே லாட்டோஃபிளெக்ஸைச் சார்பாயியின் நகல் என்பதும், சார்பாயியை அதன் முதிராத முன்வடிவம் என்பதும் ஒருங்கே பிழை.

மெய்யான வேறுபாடு அறிவு எங்கே தங்கியிருக்கிறது என்பதில் உள்ளது. சார்பாயியில் சரியான இறுக்கம் எது என்பதை வீட்டில் உள்ளவர் அறிந்திருந்தார். கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டியவர் அவரே. தேய்ந்த பின்னலைப் புதுப்பிக்க ஊருக்குள் ஆள் வந்தார். வளைபட்டையில் அந்த அறிவு தொழிற்சாலை அச்சுக்குள், பசையின் பக்குவத்துக்குள், அட்டவணைக்குள் சென்றுவிட்டது. பயனருக்கு எஞ்சியது நகர்த்துபிடி. ஒன்றில் உழைப்பு ஓயாதது, ஆனால் பொருள் சாகாதது. மற்றொன்றில் உழைப்பு இல்லை, ஆனால் பட்டை ஒடிந்தால் அதே அளவுப் பட்டை கடையில் கிடைக்க வேண்டும்.

7. சுதந்திர இந்தியா எதைத் தேர்ந்தது?

லாட்டோஃபிளெக்ஸ் சந்தைக்கு வந்த அதே காலத்தில், அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் இந்திய அரசின் அழைப்பில் நாட்டைச் சுற்றினர். 1958இல் அவர்கள் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாகவே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாயிற்று. அவ்வறிக்கை இந்திய வடிவமைப்பின் உச்சமாகக் கொண்டாடியது லோட்டா என்னும் நீர்ச்செம்பை. ஏடு ஏடாக ஒட்டி வளைத்த மரத்தில் உலகப் புகழ் பெற்றவர்கள் ஈம்ஸ் இணையர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்கு அம்முறையில் கால்கட்டுப் பட்டைகள் செய்தவர்கள். மரத்தின் மீள்மையை அவர்களைவிட அறிந்தவர் அன்று சிலரே. செம்பு வார்த்து முடித்த பொருள். அதன் வடிவம் ஒரு பார்வையில் முழுமையாகத் தெரியும். கட்டில் முடிவுறாத பொருள். வாரம் ஒன்றாக மாறுவது, பராமரிப்பில் வாழ்வது. புதிய குடியரசின் வடிவமைப்புக் கல்வி முதல்வகைப் பொருளைத் தன் சின்னமாக்கிக்கொண்டதன் விளைவை நாம் இன்னும் முழுமையாக எடைபோடவில்லை.

நகரக் குடும்பங்களில் நடந்தது வேறு. 1960கள் தொடங்கி ரப்பர் ஏற்றிய தேங்காய்நார் மெத்தை பரவியது. கயிற்றுத் தளம் கிராமத்தின் அடையாளமாகவும் வறுமையின் அடையாளமாகவும் ஒதுக்கப்பட்டது. அதன் இடத்தில் ஒட்டுப்பலகை வந்தது. ஒட்டுப்பலகைக்கு மீள்மையும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. முதுகுவலிக்குக் கடினமான படுக்கையே மருந்து என்ற பரவலான நம்பிக்கை இம்மாற்றத்துக்கு அறிவியல் முகம் தந்தது. 2003இல் லான்செட் இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு இந்நம்பிக்கையை நேரடியாகச் சோதித்தது. நாட்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 313 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்குக் கடின மெத்தையும் மற்றதற்கு நடுத்தர உறுதியுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் கவனித்தனர். நடுத்தர உறுதியில் படுத்தோருக்கே வலியும் இயலாமையும் அதிகம் குறைந்தன. அவ்வாய்வு மெத்தை பற்றியது, தளம் பற்றியதன்று. அதைக் கொண்டு சார்பாயிக்கோ வளைபட்டைக்கோ நற்சான்று எழுத முடியாது. ஆனால் பலகையே உத்தமம் என்ற முடிவை அது அசைத்துவிட்டது.

ஆக, நகர்ப்புற இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி ஓர் இடைவெளி. நெகிழும் தளத்தைக் கைவிட்டோம். நெகிழும் மெத்தை எல்லோருக்கும் எட்டவில்லை. இன்று வளைபட்டை இறக்குமதிப் புதுமையாக வந்து அந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது. அதைப் புதுமை என்று நம்மால் எண்ண முடிவதற்குக் காரணம், தளத்துக்கு மீள்மை வேண்டும் என்ற அறிவை இரண்டு தலைமுறைக்குள் நாம் இழந்துவிட்டதே.

8. மாணவர்களுக்கு

தொழில்நுட்ப வரலாற்றை உரிமக்காப்பு ஆண்டுகளின் வரிசையாக எழுதினால் 1957 இருக்கும், ‘அத்வான்’ இருக்காது. முன்னோர் புகழாக எழுதினால் ‘அத்வான்’ இருக்கும், அதைப் பின்னியவரின் சாதி இருக்காது. இரண்டுக்கும் மாற்று, ஒரு பொருள் எந்த வினாவுக்கு விடையாக நிற்கிறது, அவ்விடையைப் பேணும் உழைப்பு யாருடையது என்று கேட்டு எழுதுவது.

இதற்கான சான்றுகள் ஆவணக்காப்பகத்தில் மட்டும் இல்லை. ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் உத்தரப்பிரதேசத்திலும் பின்னல் வகை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தளர்ச்சிக்கும் கோணலுக்கும் தனிச் சொற்கள் உண்டு. கட்டில் கோணி ஒரு கால் தரையில் பதியாமல் நிற்பதை இந்தியில் ‘கான்’ என்பர். காதுக்கும் அதே சொல். இன்று நெடுஞ்சாலை தாபாக்களில் நிற்பவை பெரும்பாலும் இரும்புக் குழாயும் நைலான் நாடாவும் கொண்டவை. நைலானுக்குக் கால்மாட்டுக் கயிறு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தேவை போனால் கயிறு போகும். கயிற்றின் பின்னே அதன் பெயரும் போகும். கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்கள் பேட்டி எடுக்க அமரும் கட்டிலின் கால்மாட்டையும் ஒருமுறை பார்த்து, அங்குள்ள கயிற்றின் பெயர் என்ன, அதை இறுக்குவது யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டு எழுதிவர வேண்டும். ஏடு எழுதாமல் விட்டதை இன்னும் சொல்லக்கூடியவர்கள் அந்த முற்றங்களில் இருக்கிறார்கள்.